குளியலறைக் கைப்பிடியைத் திருப்பித் தர முடியாதது குறித்து

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சித்தப்பாவுக்கு, மாடி அறையிலிருந்து உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். கீழே நீங்கள் நலம் என்பது கதவுகளை அடித்துச் சாத்தும் சத்தத்திலிருந்து தெரிகிறது. என்னோடு பேசுவதில்லை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதால் ஒரே வீட்டுக்குள் இந்தக் கடிதம்.

"சாயங்காலத்துக்குள்ள கைப்பிடி வரணும், இல்லன்னா மாடியக் காலி பண்ணச் சொல்லு" என்று சித்தி மூலம் சொல்லி அனுப்பினீர்கள். கைப்பிடி வராது சித்தப்பா. நானும் காலி செய்வதாக இல்லை.

முதலில் ஒன்று. அதைக் கழற்றும்போது நீங்கள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது. தட்டிப் பார்த்தேன். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிப்பவருக்குத் தட்டினால் என்ன, இடித்தால் என்ன? வெளிக் கைப்பிடியை உருவியபோது இரண்டையும் இணைக்கும் கம்பியும் கூடவே வந்துவிட்டது, நானும் அவசரத்தில் ஓடிவிட்டேன், நீங்கள் உள்ளிருந்து திருப்ப, உள் கைப்பிடி உங்கள் கையோடு வந்துவிட்டது, கார்பென்டர் வரும்வரை நீங்கள் துண்டோடு நின்றதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

என் அவசரத்தையும் கேளுங்கள். உலோகத்துக்குள்ளே சின்னதும் பெரியதுமாகப் படிகங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதை அறுக்காமலே உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரைபடம் போடுவதுதான் என் வேலை. அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்கள் உலோகத்துக்குள் புகுந்து வெளியே வரும். உலோகத்தைக் கொஞ்சம் திருப்பி ஒரு படம், இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம். குரூப் போட்டோவில் ஆளுக்கொரு நேரம் கண்ணை மூடுவதைப் போல, ஒவ்வொரு படிகமும் தனக்கென்று உள்ள கோணத்தில் மட்டும் நியூட்ரான்களைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் படத்தில் கறுப்பாக விழும். அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்போம். "இதெல்லாம் கம்ப்யூட்டரோட கற்பனை" என்று எங்கள் வேலையை மதிப்பிடும் மேலிடத்துக் குழுத் தலைவி சொல்லிவிட்டார். இந்த வாரம் நிரூபிக்காவிட்டால் எங்கள் கருவியை மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து வார்ப்புப் பட்டறையிலிருந்து வந்த துண்டில் படிகங்கள் மாவு மாதிரி இருந்தன, படத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. அப்போதுதான் காலையில் பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் நான் பார்க்கும் உங்கள் பித்தளைக் கைப்பிடி ஞாபகம் வந்தது. வருஷக் கணக்கில் ஈரக் கையும் வியர்வையும் பட்டுப் பட்டு அரித்து, அதன் படிகங்கள் திட்டுத் திட்டாக வெறும் கண்ணுக்கே தெரியும். எங்கள் வரைபடம் அந்தத் திட்டுகளோடு ஒத்துப்போனால் யார் வாயைத் திறக்க முடியும்?

ஆய்வகத்திலும் எதுவும் சும்மா நடந்துவிடவில்லை. சுற்றும் மேடையில் வைத்ததும் கைப்பிடியின் நீண்ட பக்கம் கேமராவில் போய் இடித்தது. கோணம் பார்த்து மேடையைத் திருப்புவதால் நாங்கள் 'கோணம்' என்றே கூப்பிடும் டெக்னீஷியன், "பாதியா அறுத்துடலாம்மா, ஒரு நிமிஷ வேலை" என்று ரம்பத்தோடு வந்தார். "அது எங்க சித்தப்பா கைப்பிடி. மொதல்ல என்னை அறுங்க" என்று குறுக்கே நின்றேன். அதை நிமிர்த்தி நிற்க வைக்கவே அரை நாள் போயிற்று. இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியில் குழுத் தலைவி வந்தார். கட்டைவிரல் படும் இடத்தில் பூட்ஸ் வடிவத்தில் ஒரு திட்டு உண்டே, அது வரைபடத்தில் அப்படியே இருந்தது. பூதக்கண்ணாடியில் எடுத்த போட்டோவையும் அதையும் மாறி மாறிப் பார்த்தவர், "நான் பேசினது தப்புதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

இப்போது திருப்பித் தருவதற்கு வருவோம். நியூட்ரான் பட்ட பித்தளையில் கொஞ்சம் கதிர்வீச்சு தங்கிவிடும். செம்பு சித்தி மாதிரி, சில நாளில் அடங்கிவிடும். துத்தநாகம் உங்களைப் போல, மாதக் கணக்கில் ஆறாது. "யாரு சித்தப்பாவா இருந்தாலும் சரி, அலமாரிய விட்டு வெளிய போகாது" என்று பாதுகாப்பு அதிகாரி ஈயக் கதவைப் பூட்டிவிட்டார். அதுவரை நான் வாங்கி வைத்திருக்கும் அலுமினியக் கைப்பிடியை மாட்டிக்கொள்ளுங்கள், தகரம் என்று திட்டாதீர்கள். இனி உங்கள் வீட்டில் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டேன். இது என் வாக்கு.

கோபத்தோடாவது என்னை ஆசீர்வதியுங்கள். சித்திக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மாடியிலேயே இருக்கப்போகும்
உங்கள் மகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது குழுத் தலைவி போன் செய்தார். "ஒண்ணு ஒத்துப்போனா அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. அதோட ஜோடி கிடைக்குமா?" என்றார். என் வாக்கு வாக்குதான், திருகாணி எதையும் தொடவில்லை. பஞ்சாயத்து வைக்கும்போது காட்டுவதற்காக நீங்கள் தலையணைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்த உள் கைப்பிடியைச் சித்திதான் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் இதைப் படிக்கும்போது அது மேடையில் சுற்ற ஆரம்பித்திருக்கும்.