சாந்தினி வாங்கிக் கொடுத்த தூண்டில்

மீன் ஒன்பது கிலோ என்று கேட்டதாக நினைவு. ஆறரையாகவும் இருக்கலாம். கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள், அதில் எதை நம்பினேன் என்பதும் இப்போது மறந்துவிட்டது. தூண்டிலில் நூல் சுற்றும் சக்கரம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"நூலை விட்டுக் குடுங்கண்ணே!" என்று கத்தினான் காளிதாஸ்.

"விடறதுக்கு நூல் எங்கடா இருக்கு!" என்று திருப்பிக் கத்தினார் சுகுமாறன்.

கூலாய் ஊர்ப் பக்கம், காசு கட்டி மீன் பிடிக்கும் குளம் அது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் சுகுமாறனுக்கு லீவு என்றால் அங்கேதான். காளிதாஸ் அவருடைய குளத்துக் கூட்டாளி. சுகுமாறன் கையில் இருந்தது டென்காரா என்னும் ஜப்பான் தூண்டில். நுனியில் கட்டிய நூல் எவ்வளவோ அவ்வளவுதான். மீன் ஓடினால் பிடித்தவரும் கூடவே ஓட வேண்டும்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு மனைவி சாந்தினி வாங்கிக் கொடுத்தது. அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளாத தம்பதி. அவர் மீன் கொண்டுவருவார். அவள் வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போவாள். தூண்டிலை நீட்டியபோது மட்டும் அபூர்வமாகச் சிரித்தாள். கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாக, அதே தூண்டிலில் பாத்தின் என்னும் பெரிய கெளுத்தி மீன் ஒன்றைப் பிடித்து அவள் முன்னால் வைக்க வேண்டும். மூன்று மாதமாக இதுதான் அவருடைய ஒரே ஆசை. இரண்டு மீன்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. இது மூன்றாவது.

மீன் இடப்பக்கம் ஓடியது. அவரும் ஓடினார். யாரோ ஒருவரின் தீனி வாளி உருண்டது.

"ஹோய்! கண்ணு தெரியலயா?"

"மீனுக்குத் தெரியல லா, நான் என்ன செய்ய!"

"நான் புடிச்சுக்கறேண்ணே," என்று காளிதாஸ் பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பற்றினான். மீன் ஒரு இழுப்பு இழுத்தது. இரண்டு பேரும் சேற்றில் சறுக்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"விட்டுடுங்கண்ணே. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

சுகுமாறன் விடவில்லை. கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோ நினைவுக்கு வந்தது. அதில் ஒரு ஜப்பான்காரர் தூண்டிலையே ஆற்றில் எறிந்து, மீன் களைத்த பிறகு எடுத்துக்கொண்டார். இவரும் எறிந்தார்.

தூண்டில் மிதந்தபடி குளத்தைச் சுற்றக் கிளம்பியது. போகிற வழியில் ஐந்து பேருடைய நூலையும் சேர்த்துக்கொண்டது. ஐந்து பேரும் ஆளுக்கொரு பெரிய மீன் மாட்டியதாக நினைத்து ஒரே நேரத்தில் இழுத்தார்கள். நுனி முறிந்தது. ஆனாலும் ஏச்சும் பேச்சுமாக, ஆறு பேர் நூலோடு சேர்ந்து அந்தப் பாத்தின் மீன் கரையேறியது.

முழங்கையில் ரத்தம், ஒரு காலில் மட்டும் செருப்பு. சுகுமாறன் அழுதுவிடுவார் போலிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், புது நுனி வாங்க ஜீவனின் தூண்டில் கடையில் இறங்கினார். சாந்தினி வாங்கியதும் அங்கேதான். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இந்தத் தூண்டில்லயா புடிச்சீங்க?" என்றான் ஜீவன்.

"இதேதான். அவ ஆசையா வாங்கினது. போயி அவகிட்ட காட்டணும்."

ஜீவன் மீனைப் பார்த்தான். முறிந்த தூண்டிலைப் பார்த்தான்.

"அலமாக்! அக்கா முகத்துல நான் எப்படிண்ணே முழிப்பேன்? 'பெரிய மீனே ஏறாத தூண்டிலா ஒண்ணு குடு தம்பி, முப்பது வருசமா மீன் அறுத்துக் கழுவி முள்ளு குத்தியே என் கை போச்சு'ன்னுதானே அக்கா வாங்கிட்டுப் போனாங்க!"

அந்த மீனைச் சுகுமாறனே அறுத்தார். பித்தப்பை உடைந்து குழம்பு கசந்தது. சாந்தினி தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். காளிதாஸ் வேறு குளத்துக்கு மாறிவிட்டான். ஜீவன் அந்த வகைத் தூண்டிலை இப்போது விற்பதில்லை. சுகுமாறன் உள்ளங்கை அளவு மீன்களைப் பிடித்து, குளக்கரையிலேயே அறுத்துக் கழுவிக் கொண்டுவருகிறார். ஜீவன் சொன்னதை மனைவியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.