டிராகனுக்கு வயிறு சரியில்லை

சிரிக்கவைக்க நாவல் எழுதி ஒரு டீக்கடையையே அழவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் உப்பு பாய்.

பேகம்பூர் பக்கம் தோல் கிடங்கில் ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவுவது அவர் வேலை. கிடங்கை ஒட்டி என் பஞ்சர் கடை. வேலை முடிந்து வரும்போது புருவத்திலெல்லாம் உப்பு மினுங்கும். வருவது மனிதரா, பனிமலையிலிருந்து இறங்கிய மந்திரவாதியா என்று ஒரு நொடி எனக்குக் குழம்பும்.

பிரபலமான வெளிநாட்டு மாயாஜாலக் காவியம் ஒன்றைத் தமிழில் நாலு தடவை படித்தவர் அவர். மந்திரக் கிரீடத்தை ஒழித்துக்கட்ட ஒரு கூட்டம் நடந்துகொண்டே இருக்கும் கதை.

"நடக்குறானுக, நடக்குறானுக, ஆயிரம் பக்கம் நடக்குறானுக அப்பு! ஒருத்தனுக்காவது பஸ்ஸு ஞாபகம் வந்துச்சா?"

அந்த ஆத்திரத்தில், அதைக் கேலி செய்து பதினோரு நோட்டில் ஒரு நாவல் எழுதிவிட்டார். அதில் வீரர்கள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடப்பார்கள். மந்திரவாதியின் தாடி பஸ் கதவில் மாட்டிக்கொள்ளும். டிராகன் ஆயக்குடிக் கொய்யாவை மரத்தோடு தின்றுவிட்டு, வயிறு கெட்டுப் படுத்துவிடும்.

அதைக் கேட்டு ஒரே ஒரு ஆள் சிரிக்க வேண்டும். பாய்க்கு வேறு ஆசையே கிடையாது.

முதலில் எனக்குத்தான் படித்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கதையில் யாருக்கு என்ன ஆனாலும் நிஜமென்றே பதறுவேன்.

"டிராகன டாக்டர்ட்ட காட்டுனாகளா பாய்?"

"ஏலே, இது சிரிக்கிற இடம்டா!"

"தனியா கெடக்கே பாய். ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்லையா?"

மூலக்கதை தெரியாதவனுக்குக் கேலி எங்கே புரியப்போகிறது என்று அப்போதுதான் பாய்க்கு உறைத்தது. மறுநாளிலிருந்து, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூலக்கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று மாதம் சொன்னார்.

அங்கேதான் தப்புச் செய்தார். ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டார்.

சிறுமலைக் காற்று மெல்ல இறங்கும். மஞ்சள் வெயிலில் மலைக்கோட்டைப் பாறை மூச்சுவிட்டுப் படுத்திருக்கும். தாடிக்கொம்பு ரோட்டுப் புழுதிக்குள் குதிரைப்படை ஒன்று சத்தமில்லாமல் வரும். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழிக்குக் குமிழி ஒரு குட்டி அரண்மனை மேலே வந்து உடையும். டீயில் ஆடை படிவது யாருக்கும் தெரியாது.

நாலாம் மாதம் கேலி நோட்டைத் திறந்தார். மந்திரவாதியின் தாடி கதவில் மாட்டியதும், டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பாய் இது? அம்புட்டு தூரம் நடந்து வந்த மனுசன். அவர் தாடியப் போயி மாட்டி விடுறீகளே!"

அடுத்து டிராகன் வயிறு கெட்டுப் படுத்ததும், வாரா வாரம் தோல் ஏற்ற வரும் லாரி டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிராகன் பொழைச்சிரும்ல பாய்?" என்றார்.

பாய் நோட்டை மூடினார். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு வாரம் ஆளைக் காணோம். வந்தபோது கழுத்தில் மப்ளர். தொண்டைப் புண், ஒரு மாதம் பேசக்கூடாதாம். முதல் நோட்டை என் மடியில் வைத்து, படி என்று சைகை காட்டினார். கடைசி முயற்சி என்று முகமே சொன்னது.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கூட்டமாக எல்லோரும் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மந்திரவாதி பஸ் ஏறினார். கண்டக்டர் விசிலடித்தார். "கதவு... சா... சாத்த..." என்று படித்தவன், என்னையறியாமல் பெஞ்சை விட்டு எழுந்து கத்திவிட்டேன்.

"யோவ் பெரியவரே! தாடி, தாடி! தாடிய உள்ள இழுய்யா!"

டீ மாஸ்டருக்குச் சிரிப்பு வெடித்தது. லாரி டிரைவர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாய்க்குச் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. உப்புப் படிந்த கன்னத்தில் இரண்டு கோடு இறங்கியது. நோட்டைப் பிடுங்கி, நான் கத்தியதை அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டார்.

தொண்டை எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் அவர் படிப்பதில்லை. "நீ படி அப்பு. நீ பயந்தாத்தான் கதை ஓடுது" என்கிறார். பத்து நோட்டு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அதனால் இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் படிக்கிறேன். எழுத்து புரியவில்லை பாய் என்று சொல்லிவிடுகிறேன்.