இருநூற்றொரு பவுண்டு அம்மா

அநீதி இழைக்கப்பட்டவர் என் அம்மா மார்லிஸ். இழைத்தவர் என் அப்பா டெல்பர்ட். அநீதியின் எடை இருபத்தெட்டு பவுண்டு. இடம், விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. காலம், பிப்ரவரி. ஏரி உறைந்து, படகு உறைந்து, அப்பாவுக்குக் கனடாவைத் தவிர வேறு பேச்சே வராத மாதம்.

சாட்சி நான். பெயர் பிரிட்டா. பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறேன். எதற்கெடுத்தாலும் வாதம் செய்பவள் என்று வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. அது தவறு என்பதற்கு என்னிடம் நான்கு காரணங்கள் இருக்கின்றன. யாரும் மூன்றாவதைத் தாண்டிக் கேட்டதில்லை.

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் அப்பாவும் அவர் சிநேகிதர் வெர்லினும் எல்லை தாண்டிப் போய்விடுவார்கள். ஒன்டாரியோவில் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் ஏரிகள். சாலை கிடையாது. தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் கொண்டுபோய் ஒரு மரக்குடிலில் விட்டுவிட்டு, ஏழு நாள் கழித்து வந்து அள்ளிக்கொண்டு வரும். இவ்வளவும் மஸ்கிக்காக. நாலடி நீளம், நாயின் பல், யார்மீதும் மரியாதை இல்லாத மீன். தூண்டிலைப் பத்தாயிரம் முறை வீசினால் ஒரு முறை கடிக்கும் என்பார்கள். அப்படிக் கடித்ததையும் அளந்து, படம் எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே அப்பா வெறுங்கையோடுதான் திரும்புவார். அந்த வெறுங்கைகளை அகல விரித்துக் காட்டுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அகலம் கொஞ்சம் கூடும்.

அப்பாவின் பெருமை வேறு. மீன் கடிக்கக்கூட வேண்டாம். படகின் அடியில் ஒரு நிழல் ஐந்து நொடி நின்றுவிட்டுப் போனால் போதும். "நாப்பத்தேழே கால் அங்குலம். முப்பத்தோரு பவுண்டு, ரெண்டு அவுன்ஸ்" என்பார். இதுவரை எந்த மீனும் மறுத்ததில்லை.

என் பெற்றோரின் திருமண நாளும் அதே செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் வருகிறது. இதுவரை வந்த இருபத்தைந்து திருமண நாட்களில் இருபத்திரண்டை அப்பா வெர்லினோடு கொண்டாடியிருக்கிறார்.

அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாப்பாட்டுக்கு நடுவே கரண்டியைக் கீழே வைத்தார்.

"மார்லி, ஒரு முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் நம்ம கல்யாண நாளுக்கு உன்னைக் கனடாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் நானும் மட்டும். ஏரி, குடிசை, அமைதி."

அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வெர்லினுக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"மூட்டை மாத்தியாச்சு. ஒரு வருஷம் படகுல உக்காரக் கூடாதாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. பாவம்னு கேட்டேன்." வெண்ணெய் தடவி முடித்தாள். "சரி, வரேன். ஆனா என் பெட்டியும் வரும்."

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஏரியில் அப்பா வீசுவார், அம்மா வலை பிடிப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். "இப்ப! இப்ப இல்ல! இடது! அந்த இடது இல்ல!" என்று அப்பா கத்துவார். எல்லாப் படங்களிலும் அப்பா மீனோடு சிரிக்கிறார், மூலையில் அம்மாவின் கட்டைவிரல் தெரிகிறது. தூண்டிலில் இரைக்குப் பதிலாக மாட்டும் பொம்மை மீன்களில், மீன் கடிக்காதவற்றை அப்பா கோபத்தில் குப்பையில் எறிவார். அம்மா அவற்றைப் பொறுக்கி எடுத்து, துருப்பிடித்த கொக்கியை மாற்றி, தன் நகப்பூச்சால் புது வண்ணம் அடித்து வைப்பாள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. சிவப்பு, இளஞ்சிவப்பு, மினுமினுக்கும் ஊதா. அவற்றில் ஒன்றைக்கூட மஸ்கிக்கு எதிரே வீசியதில்லை. படகில் வலை பிடிக்க ஆள் வேண்டுமே. தன் பெட்டியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிஜமான ஏரியில் திறக்க வேண்டும். அம்மா கேட்டது அவ்வளவுதான்.

"தாராளமா!" என்றார் அப்பா.

தாராளம் செவ்வாய்க்கிழமை வரை இருந்தது. அன்று விமானக்காரர்களின் படிவம் வந்தது. ஆட்கள், சாமான், எல்லாம் சேர்த்து அறுநூற்று இருபது பவுண்டு. ஒரு பவுண்டு கூடினாலும் ஏற்ற மாட்டார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியல் போட்டார். தன் எடை, இருநூற்றைந்து. (கடைசியாக அவர் அந்த எடையில் இருந்தபோது நான் பால்புட்டியில் இருந்தேன்.) சாப்பாடு, போர்வை, தூண்டில்கள், வலை. பிறகு அவருடைய பொம்மை மீன்கள், நாலு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் செங்கல் நிரப்பிய கனம். கடைசியில் 'மார்லியின் பெட்டி' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, ஒரே கோடாக அடித்தார்.

நான் பார்த்துவிட்டேன்.

"அப்பா, உங்களுக்கு நாலு பெட்டி. அம்மாவுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணை எந்த நியாயத்துல அடிச்சீங்க?"

"இது நியாயம் இல்லம்மா, எடை. விமானம் மேல ஏறணுமா வேண்டாமா?"

"அப்ப உங்க நாலுல ஒண்ணைக் குறைங்க."

"எதைக் குறைக்கிறது? இது வெயிலுக்கு. இது மேகமூட்டத்துக்கு. இது காத்தடிச்சா."

"நாலாவது?"

"அது ராசி."

"ராசி அறிவியல் ஆகாது."

"நகப்பூச்சு மட்டும் ஆகுமா? உங்கம்மா பெட்டியைத் திறந்தா அழகு நிலையம் மாதிரி இருக்கு. மஸ்கி என்ன, கல்யாணத்துக்கா கிளம்புது?"

அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவது காரணத்தை எடுப்பதற்குள் அப்பாவின் பேனா ஒரு கட்டத்தில் வந்து நின்றது. நின்றது என்றால், முட்டிக்கொண்டு நின்றது.

"ம்... மார்லி."

"சொல்லு."

"இங்க ஒரு கட்டம் இருக்கு. நான் கேக்கல. படிவம் கேக்குது."

"என்ன கேக்குது?"

"அதாவது... உத்தேசமா சொன்னாப் போதும். சட்டப்படி கேக்கறாங்க. கனடா சட்டம்."

"என் எடையா?"

அப்பா மேசையைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. கேட்ட ஆண்களைப் பற்றிய கதைகளை அவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இருநூத்தியொண்ணு."

அப்போது நான் அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்குக் கொஞ்சம் இறுக்கம். வாயைத் திறந்தேன்.

"பிரிட்டா," என்றாள் அம்மா, "அந்த உருளைக்கிழங்கை உரி."

உரித்தேன். அப்பா இருநூற்றொன்று என்று எழுதினார். மரியாதையாக, சின்ன எழுத்தில். கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, இரண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனார். உறைபெட்டியின் மேல் அவற்றை வைத்த சத்தம், சவப்பெட்டி இறக்கிய மாதிரி கேட்டது. மேகமூட்டமும் காற்றும் போய்விட்டன. வெயிலும் ராசியும் மிஞ்சின.

பின்னாலேயே போனேன்.

"அப்பா, அம்மாவைப் பாத்தா இருநூத்தியொண்ணு மாதிரியா இருக்கு?"

"பாத்தா என்ன தெரியும்? அவளே சொல்றாளே! எடையைக் கூட்டிச் சொல்ற பொம்பளை உலகத்துல உண்டா? குறைச்சுதான் சொல்வாங்க. அவ குறைக்காம உண்மையைச் சொல்லியிருக்கா. பெரிய மனசு."

இந்த வாதத்தின் ஓட்டைகளை நான் அன்றே எடுத்துக்காட்டியிருப்பேன். எங்கள் வீட்டில் அந்தப் படிவத்தில் எடையைக் குறைத்து எழுதியவர் ஒரே ஒருவர்தான், அவருக்குத் தாடி இருக்கிறது. ஆனால் மேலே வந்து அம்மாவிடம்தான் கொட்டினேன்.

"அம்மா, அது பொய்!"

"நான் ஒண்ணும் எழுதலையே. எழுதினது உங்கப்பா."

"பெட்டிக்காக நீ சண்டை போட்டிருக்கலாம். நான் உன் பக்கம் பேசியிருப்பேன்."

"பேசியிருப்ப. நாளைக்கு விடியற வரைக்கும்." ஒரு கிழங்கைக் கையில் எடுத்து எடைபார்ப்பது போல ஏந்தினாள். "இதுல பாதித் தோலு அப்படியே இருக்கு."

அந்தக் கோடை முழுதும் அப்பா அம்மாவைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தினார். "படியில மெதுவா ஏறு, மார்லி." வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குப் போனால், பரிமாறுகிறவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்களுக்குக் கொஞ்சம் இலைதழை வைங்க" என்று கிசுகிசுப்பார். அம்மா இலைதழையைச் சாப்பிட்டுவிட்டு அவருடைய உருளைக்கிழங்கு அடையையும் சாப்பிடுவாள். படகில் அவளை நட்டநடுவில் உட்கார வைத்தார், சாய்ந்துவிடக் கூடாதாம். பட்டியலில் அவ்வப்போது ஒரு அவுன்ஸ் மிச்சம் தெரிந்தால் நிலவறைக்குப் போய் ஒரு பொம்மை மீனை மீட்டு வருவார். செப்டம்பரில் கணக்கு விளிம்புவரை நிறைந்திருந்தது. இனி ஒரு குண்டூசிக்கு இடமில்லை.

அவர்களைக் கொண்டுபோய் விட நான் வண்டி ஓட்டினேன். அதற்காக மூன்று வகுப்புகளுக்கு மட்டம் போட்டேன். அதில் ஒன்று நீதியைப் பற்றியது.

எல்லைக்கு அப்பால், ஏரிக்குள் நீண்ட மரப்பாலத்தின் ஓரத்தில் விமானம் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மூட்டை நிறுக்கிற தட்டையான தராசு. விமானி நோரீன் என்கிற அம்மாள், காதில் பென்சில், முகத்தில் முப்பது வருடமாக மீன்பிடிக்காரர்களைப் பார்த்த களைப்பு. சாமான்களை நிறுத்தாள். படிவத்தில் உள்ளபடியே இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்து விரலால் தராசைக் காட்டினாள்.

"என்னையுமா? அதான் எழுதிக் கொடுத்தேனே. வழக்கமா இதெல்லாம் வெர்லின்தான்..."

"புது விதி. ஏறுங்க."

ஏறினார்.

"இருநூத்து முப்பத்திரண்டு," என்றாள் நோரீன். "பேப்பர்ல இருநூத்தஞ்சுன்னு இருக்கு."

"பூட்ஸு."

"இருபத்தேழு பவுண்டு பூட்ஸா?"

"நனைஞ்சிருக்கு."

நோரீன் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். "அப்ப இருபத்தேழு பவுண்டை இறக்கணும். எதை இறக்கறது?"

அப்பாவின் கண் வெயில் பெட்டியைப் பார்த்தது, ராசிப் பெட்டியைப் பார்த்தது, கடைசியில் அம்மாவின் துணிப்பையில் போய் நின்றது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு வாதத்துக்குத் தயாரானேன். அதற்குள் அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறிவிட்டாள்.

நோரீன் முள்ளைப் பார்த்தாள். தராசைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். மறுபடி பார்த்தாள்.

"நூத்து நாப்பத்தாறு."

அப்பா தானே குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"அவர் இருபத்தேழு கூட, நீங்க அம்பத்தஞ்சு குறைவு," என்றாள் நோரீன். "ஆக, இன்னும் இருபத்தெட்டு பவுண்டு ஏத்தலாம். ஏதாவது இருக்கா?"

அப்பாவின் உதடு அசைந்தது. மேகமூட்டம், காற்று என்று அது சொன்னதை நான் படித்தேன். இரண்டும் ஆறு மணி நேரத் தொலைவில் எங்கள் வீட்டு உறைபெட்டியின் மேல் இருந்தன. வானம் அன்று நன்றாக மூடியிருந்தது. காற்றும் அடித்துக்கொண்டிருந்தது.

"பிரிட்டா," என்றாள் அம்மா, "டிக்கியைத் திற."

உபரிச் சக்கரத்துக்குப் பின்னால், பழைய போர்வைக்கு அடியில், பெட்டி இருந்தது. தூக்கி வந்து தராசில் வைத்தேன். முள் ஆடி நின்றது. இருபத்தெட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இந்த மாதிரி கச்சிதமா நான் பாத்ததே இல்ல," என்று நோரீன் பெட்டியை விமானத்தில் ஏற்றினாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"மார்லிஸ்! எனக்கு இருபத்தேழு கூடும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜனவரியில டாக்டர் நிறுத்தப்ப பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?"

"பிப்ரவரியிலேயே இதைப் போட்டு வெச்சிருக்க! எட்டு மாசம்! நான் உனக்கு இலைதழை வாங்கிக் கொடுத்தேன்! படியில கையைப் பிடிச்சேன்!"

"ரொம்ப நல்லா இருந்துச்சு, டெல்."

"இருநூத்தியொண்ணுன்னு வாய் கூசாமச் சொன்னியே! நீயே சொன்னா நான் நம்பாம என்ன பண்ணுவேன்? எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா பாலத்தில் கிடந்த மீன் வலையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். விமானத்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"தண்ணிக்கு அடியில அஞ்சு நொடி நின்ன மீனுக்கு அவுன்ஸ் வரைக்கும் எடை சொல்ற ஆளாச்சே நீ. நான் உனக்கு எதிர்ல உக்காந்து இருபத்தாறு வருஷமா சாப்பிடறேன், டெல்."