கரடிப் புத்தகமும் கூரைத் தகரமும்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய ரெமேதியோஸ் அக்காவுக்கு, தம்பி யூஸ்தாக்கியோ பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும், நீ விட்டுவிட்டுப் போன பன்றியும் சுகம். பன்றி ஏழு குட்டி போட்டிருக்கிறது. கனடாக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பங்குச் சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். நானும் ஒவ்வொரு ஞாயிறும், மடங்குகிறது என்று சொல்லி வைக்கிறேன். உன் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

நீ அனுப்பிய புத்தகப் பெட்டி படகில் பத்திரமாக வந்து சேர்ந்தது. நாற்பத்தொரு புத்தகங்கள். பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள், விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன். கடைசி வரை படித்தால், இனி ஒரு புத்தகம்கூட அனுப்பக் கூடாது என்று நீயே முடிவு செய்துவிடுவாய்.

நான் இந்த இரண்டாம் வகுப்பில் வந்து மாட்டிக்கொண்ட கதை உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொன்னால்தான் என் மனசு ஆறும். பத்தொன்பது வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலையும் தோட்ட வேலையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, கையில் சுத்தியலும் காதில் பென்சிலுமாக நிம்மதியாக இருந்தவன் நான். நீ ஓய்வு பெற்று விமானம் ஏறிய மறுவாரமே தலைமையாசிரியை மக்பனுவா அம்மா என்னைக் கூப்பிட்டு, "தாக்கியோ சார், ரெண்டாம் வகுப்புக்கு ஆள் இல்ல. நீங்க ரெமி டீச்சர் தம்பிதானே, வாசிக்கச் சொல்லிக் குடுக்கறது உங்க ரத்தத்துலயே இருக்கும்" என்றார். என் ரத்தத்தில் சர்க்கரைதான் இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதல் நாள் கரும்பலகையில் ஒரு எழுத்தை எழுதிவிட்டுத் திரும்புகிறேன், முன்வரிசையில் ஒரு வாண்டு, "சார், ரெமி டீச்சர் போட்டா அதுக்கு நல்லா வயிறு இருக்கும். உங்களது பட்டினி கிடந்த மாதிரி இருக்கு" என்கிறது. அன்று தொடங்கியது.

வாசிக்கச் சொல்லிக் கொடுக்க என்னிடம் இருந்தது என்ன? முப்பத்துநாலு பிள்ளைகளுக்குப் பதினோரு பாடப்புத்தகம். அந்தப் பதினொன்றையும் நீ ஒரே அடுக்காக அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய், கறையானும் ஒரே நேர்கோட்டில் தின்றுகொண்டே போயிருக்கிறது, ஆகவே எல்லாப் புத்தகத்திலும் பதினைந்தாம் பக்கத்திலிருந்து பதினெட்டு வரை கிடையாது. பதினாலாம் பக்கத்தில் ஆடு சந்தைக்குக் கிளம்புகிறது. பத்தொன்பதாம் பக்கத்தில் அது ஒரு கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று முப்பத்துநாலு பிள்ளைகளிடமும் முப்பத்துநாலு கதை இருக்கிறது. இது போதாதென்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வாசிப்பு மூலை இருக்க வேண்டும் என்று உத்தரவு. நான் பழைய கட்டில் பலகையில் ஒரு தட்டு அடித்தேன், வீட்டுக்காரி திரைச்சீலை தைத்தாள், வைப்பதற்குப் புத்தகம் இல்லாததால் தலைமையாசிரியை அம்மா அதில் பிளாஸ்டிக் பூ வைத்து, 'தொடக் கூடாது' என்று ஒரு அட்டையும் மாட்டினார். என் வகுப்பு முழுவதும் தடங்கல் இல்லாமல் வாசித்த முதல் வாசகம் அதுதான்.

இந்த நிலைமையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் ஜோவிலின் என்ற பெண். ஏழு வயது. அம்மா மெர்லிண்டா படகுத்துறையில் மீன் சுட்டு விற்கிறவள், அப்பா கப்பலில் வேலை. மற்ற பிள்ளைகள் ஒரு வரியைப் பல் பிடுங்குவது மாதிரி வாசிக்கும்போது, ஜோவிலின் புத்தகத்தைத் திறந்தால் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். ஏற்ற இறக்கம் என்ன, ஆடு பேசும்போது ஆட்டுக் குரல் என்ன. நான் பூரித்துப் போய் 'சிறந்த வாசகி' என்று சிவப்பு ரிப்பன் குத்தினேன். அவள் அம்மா அதைக் கடையில் குழந்தை இயேசு படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

அப்போதுதான் உன் பெட்டி வந்தது. தலைமையாசிரியை அம்மா ஒவ்வொரு புத்தகத்தையும் முகர்ந்து பார்த்து, "புது வாசனை போகக் கூடாது சார்" என்று சொல்லித் தம் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மேற்பார்வையாளர் வரும்போது காட்டலாமாம். பிள்ளைகள் இடைவேளையில் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் முப்பத்துநாலு மூக்குத் தடம். அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போய்த்தான் அம்மா சாவியைக் கொடுத்தார். முதலில் எடுத்தது கரடிப் புத்தகம். பனிக்காலம் முழுக்கத் தூங்குகிற கரடி. பனி என்றால் என்ன என்று கேட்டார்கள். மீன் பெட்டியில் போடும் ஐஸ் வானத்திலிருந்து விழுவது மாதிரி என்றேன். "அப்ப அந்த ஊர்ல மீன் கெட்டே போகாதா சார்?" என்று கேட்டுப் பொறாமைப்பட்டார்கள். சரி, ஜோவிலின், நீ படி என்றேன். அவள் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு கரடி அம்மா. நாள் பூரா படகுத்துறையில மீன் சுட்டு வித்து இடுப்பு விட்டுப் போச்சு. 'எவளாவது என்னை எழுப்புனீங்க, விளக்குமாறு பிஞ்சிரும்'னு சொல்லிட்டுக் குப்புறப் படுத்துருச்சு."

வகுப்பே கைதட்டியது. நானும் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகுதான் புத்தகம் இங்கிலீஷ் புத்தகம் என்பது ஞாபகம் வந்தது.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு ஒரு எழுத்தைக் காட்டி, இது என்னம்மா என்றேன். வெகு நேரம் பார்த்தாள். "கம்பு நட்டு வச்ச மாதிரி இருக்கு சார்" என்றாள். அக்கா, அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை மாதமும் படத்தைப் பார்த்தும், பக்கத்துப் பிள்ளை முணுமுணுப்பதைக் கேட்டும், மீதியைச் சொந்தமாகவும் வாசித்திருக்கிறாள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ, அவள் கண் கலங்கி, "படம் இருக்கறப்ப எழுத்து எதுக்கு சார்?" என்று கேட்டாள். நான் மணி அடிக்கப் போய்விட்டேன். நீ இருந்தால் பதில் சொல்லியிருப்பாய். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், ரிப்பன் கொடுத்த நானே போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து படகுத்துறைக்குப் போனேன். ஜோவிலின் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரியைப் பார்த்தாள். மெர்லிண்டா, "வயித்து வலின்னு படுத்துக்கறா சார். ஆனா மூணு குச்சி மீன் உள்ள போகுது" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "நல்ல வேளை வந்தீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. என் கண்ணாடி உடைஞ்சு நாலு மாசம் ஆச்சு. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. கப்பல்ல இருந்து பேச முடியாது, அவங்க அப்பா போன்ல ரெண்டு வரி எழுதிப் போடுவார், இவதான் படிச்சுக் காட்டுறா. பத்து வருஷமா எனக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதாத மனுஷன் சார். இந்த நாலு மாசமா எப்படி எழுதறார் தெரியுமா, கேட்டா கல்லும் கரையும்."

ஜோவிலின் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

"நேத்து ஒண்ணு வந்திருக்கு. இவதான் வயித்து வலியில இருக்காளே. நீங்க படிங்க சார்" என்று போனை என் கையில் கொடுத்தாள் மெர்லிண்டா.

அதில் இருந்தது இது: 'கூரைத் தகரம் மாற்றியாயிற்றா. மூன்றாவது தடவை கேட்கிறேன். மழை வந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதற்கு முத்தம் அனுப்புகிறாய்.'

நான் போனைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் அளவு கோணலாக ஒரு ஆணி அடித்ததில்லை நான். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"'என் உயிரே. கடல்ல மழை பெய்யறப்பல்லாம் உன் ஞாபகம்தான். நீ ஒரு சொட்டு நனையக் கூடாது. உன் அழகான தலைக்கு மேல நல்ல தகரமா இருக்கணும். கூரையைச் சீக்கிரம் மாத்திடு கண்ணே.'"

மெர்லிண்டா இடுப்பில் செருகிய துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையாகவும் இருக்கலாம். ஜோவிலின் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, ஒரு தச்சன் இன்னொரு தச்சனின் வேலையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

மறுநாள் நான் வகுப்பைத் திறப்பதற்கு முன்னால் அவள் வாசலில் நின்றாள். கையில் அம்மாவின் போன். சாரிடம் காட்ட வேண்டும் என்று வாங்கி வந்திருக்கிறாள்.

"நிஜமா என்ன சார் எழுதியிருந்தார்?"

சொன்னேன்.

"கோவமா எழுதியிருந்தாரா?"

"கோவமில்லம்மா. கூரை."

"அப்ப அதுக்கு முன்னாடி எழுதுனதுல எல்லாம் என்ன சொல்லியிருந்தார்?"

"எனக்குத் தெரியாது. அது உங்க அப்பா உங்களுக்கு எழுதினது. நீதான் படிக்கணும்."

"இதுல படமே இல்லையே சார்" என்றாள் வருத்தமாக. அவள் இடைவேளையில் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது.

தினமும் மணி அடிப்பதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். பாடப்புத்தக ஆடு செய்யாததை நாலு மாதத்துப் பழைய செய்திகள் செய்தன. முதலில் 'கூரை' பிடிபட்டது, அது எல்லாச் செய்தியிலும் வருகிறது. அப்புறம் 'மழை'. அப்புறம் 'தகரம்'. வேர்த்து விறுவிறுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு அசையாக. மூன்றாவது வாரம் ஒரு பழைய செய்தியில் தடவித் தடவி, 'ஜோ... வி... பல்... விழுந்... ததா' என்று வந்தது. அப்படியே நிமிர்ந்தாள். "சார், இது எனக்கு." பல் விழுந்து முளைத்தே விட்டது. ஆனாலும் அந்த ஒரு வரியை அன்று ஒன்பது தடவை வாசித்தாள், ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல். என் பொய்க்குப் பரிகாரமாக இரண்டு சனிக்கிழமை ஏறி மெர்லிண்டா வீட்டுக் கூரைத் தகரத்தை நானே மாற்றிக் கொடுத்தேன்.

போன செவ்வாய் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். கண்ணாடி அலமாரியைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு, உங்கள் சிறந்த வாசகி யார் என்றார். தலைமையாசிரியை அம்மா நான் தடுப்பதற்குள் ஜோவிலினை நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா கொண்டுவந்த தாளில் ஆறு வரி, படம் கிடையாது. பிள்ளை விரலை வைத்தாள். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று வரி. திக்கித் திணறி, ஒரு இடத்தில் திரும்பி வந்து திருத்தி, ஆனால் அத்தனையும் அந்தத் தாளில் உண்மையிலேயே இருந்த வார்த்தைகள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் அம்மா 'மிகவும் மெதுவான வாசகி, ஆசிரியருக்குப் பயிற்சி தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். "ரெண்டு மாசம் முன்னாடி அருவி மாதிரி படிச்ச பிள்ளையை இப்படித் திக்க வச்சுட்டீங்களே சார்" என்று தலைமையாசிரியை அம்மா அழாத குறை.

ஆகவே அக்கா, நன்றாக யோசித்துவிட்டேன். நான் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் நன்றாக வாசிக்கிறவர்களும் மெதுவாகிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்புக்கே திரும்பிப் போக விண்ணப்பம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீயும் தயவுசெய்து இனிமேல் புத்தகம் அனுப்பாதே. அனுப்பியே தீர வேண்டுமானால் அரம், திருகாணி மாதிரி ஏதாவது அனுப்பு. உன் முழங்காலுக்காகச் செபிக்கிறோம். ஊர்த் திருவிழாவன்று உன் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். குளிரில் காதை மூடிக்கொள்.

என்றும் உன் அன்புத் தம்பி,
யூஸ்தாக்கியோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிப் படகில் கொடுக்கப் போன இடத்தில் மெர்லிண்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். மூக்கில் கண்ணாடி. புதுசா என்றேன். "மூணு மாசம் ஆச்சு சார்" என்கிறாள். "என் புருஷன் 'உயிரே'ன்னு எழுதுனா கப்பல் கவுந்துடும்னு எனக்குத் தெரியாதா? பிள்ளை வாயால கேக்க நல்லா இருந்துச்சு, அதான் கண்ணாடியை ஒளிச்சு வச்சுட்டு, அவருக்கு முத்தமா அனுப்பிட்டிருந்தேன். ஆனா அவளுக்கு எழுத்து தெரியலன்னு எப்படிச் சொல்றது? நீங்களே கண்டுபிடிக்கட்டும்னுதான் போனைக் குடுத்தேன். நீங்க என்னடான்னா அவளுக்கு மேல படிக்கிறீங்க. 'அழகான தலை' கொஞ்சம் ஓவர் சார். ஆனா கூரை நல்லா வந்திருக்கு." எனக்கு நிற்கவும் முடியவில்லை, படகில் ஏறி ஓடவும் முடியவில்லை. அவள் இன்னும் விடவில்லை. "இப்ப என்ன ஆச்சுன்னா, அவ உள்ளதை உள்ளபடி படிக்கிறா. கூரை, மழை, அரிசி, அவ்வளவுதான். சாயங்காலமானா கடையில ஒரே சப்புனு இருக்கு. மத்தப் பொம்பளைங்களும் கேக்கறாங்க. அந்தக் கரடிப் புத்தகத்தைக் குடுத்தனுப்புங்க, உள்ளபடியே படிக்கட்டும், கரடி நிஜமா என்னதான் செஞ்சுதுன்னு தெரியணும்." கொடுத்துவிட்டேன், அந்த அவசரத்தில் படகு போய்விட்டது, இந்தக் கடிதமும் ஒரு வாரம் நின்றுவிட்டது. நம் மொழிக்கும் அதே எழுத்துதானே, இங்கிலீஷில் தினம் இரண்டு வரி நடக்கிறதாம், ஆறு பெண்கள் பிள்ளையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்களாம், கரடி இன்னும் தூங்கவே ஆரம்பிக்கவில்லையாம். சட்டைப் பையில் இருந்த விண்ணப்பத்தில் மெர்லிண்டா மீன் மடித்துக் கொடுத்தாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. அடுத்த பெட்டியை உடனே அனுப்பு. பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்து வாங்கு, அந்தப் பெண்களில் நாலு பேருக்குக் கண்ணாடி இல்லை.