மிளகாய்க்கு என்ன வந்தது?

"சுக்யோங், இங்க வாயேன். மிளகாய் மறுபடியும் வளைஞ்சிடுச்சு."

மனைவி சுக்யோங் சமையலறையில் இருந்தாள். அங்கே அறுபது முட்டைகோஸ்கள் உப்புக்குக் காத்துக் கிடந்தன. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் ஒரு தேரைக்காக எழுந்து வரும் பெண்மணி தேஜோன் நகரத்திலேயே கிடையாது.

மன்சிக் கையில் ஒரு சாப்பாட்டுக் குச்சியோடு கண்ணாடித் தொட்டிமேல் குனிந்திருந்தார். உள்ளே மிளகாய் என்கிற தேரை முதுகைக் குழியாக வளைத்து, நாலு பாதங்களையும் மேலே திருப்பி, சிவந்த வயிற்றின் ஓரம் தெரிய அசையாமல் கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று குச்சியால் லேசாகத் தட்டினார். இன்னும் வளைந்தது. அதன் ஜோடி முள்ளங்கி பாசிக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

தேரைகள் மகள் ஹாரிமுடையவை. வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. டேக்வாண்டோ போட்டிக்காக வெள்ளிக்கிழமை பூசான் போனவள், ஞாயிறு மாலை திரும்புவாள். போகும் முன் தேரைகளைத் தோழி வீட்டில் விடத்தான் பார்த்தாள். "ஏன், நான் ஒருத்தன் இல்லையா?" என்று வீம்புக்கு நின்றவர் மன்சிக்.

ஹாரிம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். எட்டு வயதில் அவர் பொறுப்பில் விட்டுப்போன கொம்பு வண்டு, பதினோரு வயதில் விட்டுப்போன வெள்ளெலி, இரண்டும் அந்தப் பார்வையில் இருந்தன. கடைசியில், "சரிப்பா, உங்களை நம்பி விடறேன்" என்றாள். இதுவும் போய்ச் சேர்ந்தால் இனி ஒரு பூந்தொட்டியைக்கூட அவரை நம்பி விடமாட்டாள். 

"அவளுக்கே போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் சுக்யோங்.

"கேட்டா தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

"மறுபடியும் அப்பாதான்னு."

தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானி இருபத்தெட்டு காட்டியது. இருபத்திரண்டைத் தாண்டக்கூடாது என்பது ஹாரிம் எழுதி ஒட்டியிருந்த முதல் விதி. மகளின் மேஜையில் சும்மா இருந்த தொட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்தவர் மன்சிக்தான். பாய்லரின் வெந்நீர்க் குழாய் அடியில் ஓடும் தரையில், வீட்டிலேயே கணகணவென்று இருக்கும் இடமாகப் பார்த்து, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் தேரைக்குக் கொடுத்திருந்தார். திரும்பத் தூக்கலாம் என்றால் முதல் தடவையே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. எனவே பாய்லரை அணைத்தார்.

அரை மணி நேரத்தில் தொட்டிப் பக்கத்துப் போர்வை பேசியது. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் கூடத்தில் தூங்கும் மைத்துனி மியோன்.

"அத்தான், தரை ஏன் ஐஸ் மாதிரி இருக்கு?"

"தேரைக்கு நல்லது."

"எனக்கு?"

 மன்சிக் தொட்டியை எட்டிப் பார்த்தார். மிளகாய் வளைந்தது.

அப்படியானால் தண்ணீரில்தான் கோளாறு. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும் என்பது இரண்டாவது விதி. வீட்டிலிருந்த பெரிய டப்பு மூன்றிலும் பிடித்து வைத்தார்.

"முட்டைகோஸை நான் எதுல ஊற வைக்கிறது, உங்க தலையிலயா?"

"நாளைக்குத் தந்துடறேன்."

"நாளைக்கு வைக்க அது என்ன ஆபீஸ் மீட்டிங்கா?"

மறுநாள் காலை மன்சிக் ஒரு டப்பிலிருந்து மொண்டு, தொட்டியில் ஊற்றினார். இரண்டு தேரைகளும் விழுந்தடித்துக்கொண்டு கல்மேல் ஏறின. ஆகா, தெம்பு வந்துவிட்டது என்று அவர் பூரித்த நேரத்தில் சுக்யோங் உள்ளே வந்தாள்.

"அந்த டப்புல ராத்திரி உப்புப் போட்டு முட்டைகோஸ் ஊற வெச்சேன்."

மன்சிக் இரண்டையும் வெறுங்கையால் அள்ளி, பக்கத்திலிருந்த கிம்ச்சி டப்பாவில் போட்டு மூடியைச் சாய்த்து வைத்தார். தொட்டியை இருந்த இடத்திலேயே மூன்று தடவை கழுவினார். அதற்குள் காரம் தடவிய முட்டைகோஸோடு வந்த சுக்யோங் டப்பாவைத் திறந்தாள். பன்னிரண்டாம் மாடியில் எழுந்த அலறலுக்குப் பத்தாம் மாடிக்காரர் மேலே ஏறி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

வேறொரு டப்பின் நல்ல தண்ணீரில் தேரைகளை விட்டபோது மன்சிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். தேரையைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும் என்ற மூன்றாவது விதி அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணால் தொட்டியைப் பார்த்தார். மிளகாய் வளைந்தது.

வைத்த புழுக்கள் மட்டும் எப்படியோ தீர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் முள்ளங்கியே தின்கிறது என்று அதன்மேலும் அவருக்குக் கோபம்.

மாலை ஹாரிம் வந்தாள். குளிர்ந்த வீடு, தடித்த அங்கியோடு முட்டைகோஸ் தடவும் அம்மா, வீங்கிய கண்ணோடு அப்பா. பையைக்கூட இறக்காமல் நேரே தொட்டிக்குப் போனாள். மன்சிக் சுவரோரம் ஒதுங்கி நின்றார். கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்பவர்கூட அவ்வளவு ஒதுங்கமாட்டார்.

"நல்லா இருக்கேப்பா. வெயிட்கூடப் போட்டிருக்கு."

"மிளகாயா?"

"ஆமா. கல்மேல ஜம்முனு உட்கார்ந்திருக்கு."

நம்ப முடியாமல் மன்சிக் ஓடிவந்து, பழக்க தோஷத்தில் குச்சியையும் எடுத்துக்கொண்டு மகளின் தோளுக்குமேல் குனிந்தார். மிளகாய் அவரைப் பார்த்தது. வளைந்தது.

"பாரு, பாரு, மூணு நாளா இதே கதைதான். என்ன வியாதின்னே புரியலை" என்றார், அழாத குறையாக.

ஹாரிம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து மியோன் தலையை நீட்டினாள்.

"அத்தான், நீங்க குளிக்கப் போனா அது எழுந்து உலாத்துது, புழு தின்னுது, பாட்டுக்கூடப் பாடுது, உங்க மூஞ்சி கிட்ட வந்தா மட்டும்தான் பயத்துல வளைஞ்சு செத்துப்போகுது."