கொரில்லா சேரும் சித்திரை மழையும்

ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில், உகண்டாவில் இன்று மழையா வெயிலா என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கொரில்லா சேர்தான். வெளியே நாள்கணக்கில் கொட்டும். பள்ளிக்கூட மைதானம் குளமாகிக் கிடக்கும். அவர் ஆசிரியர் அறையில் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, அங்க இன்னைக்கு நல்ல வெயில்" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்.

புவியியல் ஆசிரியர். உகண்டாவின் மலைக்காட்டில் கொரில்லாக்களை நேரில் பார்ப்பதே அவர் வாழ்க்கையின் லட்சியம். ஆனால் முதலில் ஆசைப்பட்டது அவர் மனைவிதான். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்பவர் அந்த அக்கா. சொந்தப் பிள்ளை இல்லை. டிவியில் ஒரு தாய்க் கொரில்லா குட்டியை மடியில் கிடத்திப் பேன் பார்ப்பதைக் கண்டு, "இத ஒரு தடவ நேர்ல பாத்துடணுங்க" என்றாராம். அன்றே பயணம் முடிவாகிவிட்டது. எந்த மாதம் என்பதுதான் முடிவாகவில்லை.

அதற்காகச் சேர் சக ஆசிரியர்களான எங்களையும் விடவில்லை. கொரில்லா சீறி வந்தால் ஓடக் கூடாது, குனிய வேண்டும், கண்ணைப் பார்க்கக் கூடாது என்று பாடம் எடுப்பார். ஒருநாள் கல்விப் பணிப்பாளர் கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். "குனிங்க, கண்ணப் பாக்காதீங்க" என்று சேர் கிசுகிசுத்தார். மொத்த ஆசிரியர்களும் குனிந்தோம். பணிப்பாளர் குழம்பிப்போய், தேநீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சமாதானமாகப் போய்விட்டார்.

வீட்டில்தான் அவர் பாடம் எடுபடவில்லை.

"ஆகஸ்ட்தான் சரி. மழ இல்ல, பாத வழுக்காது, பள்ளிக்கூடமும் லீவு."

"எனக்கு லீவு கெடைக்கிறது சித்திரை வருசப் பொறப்புக்குத்தாங்க. அப்பவே போவோம்."

"சித்திரையில அங்க பேய் மழ!"

"நாம நனையாத மழையாங்க?"

அக்கா சிரிப்பார். சேர் அசைய மாட்டார். ஒரு ஆகஸ்டில் கொரோனா. அடுத்ததில் பெற்றோல் வரிசை. எல்லாம் சரியான வருடத்தில், அங்கே மழை நீளும்போலிருக்கிறது என்று அவரே தள்ளிப்போட்டார்.

அந்த வருடம்தான் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். சேர் பதறி ஓடிப்போய்ச் சித்திரைக்கே இரண்டு டிக்கெட் எடுத்துவந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா அதைத் தடவிப் பார்த்து, "பாத்தீங்களா, கடைசியில என் சீசனுக்கு வந்துட்டீங்க" என்றார். மாசியில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டமே வேலைக்குப் போகவில்லை. அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகள்தான் பாடை சுமந்தார்கள்.

சித்திரையில் சேர் தனியாகப் புறப்பட்டார். "கருமாதி ஈரம் காயல, கொரங்கு பாக்கப் போறாரு" என்று சொந்தக்காரர்கள் தூற்றினார்கள்.

திரும்பி வந்தவரிடம் ஆசிரியர் அறையில் யாருக்கும் கேட்கத் துணிவில்லை. நான்தான் பக்கத்தில் போய், "பாத்தீங்களா சேர்?" என்றேன்.

"பாத்தேன். மழ கொட்டுது. எல்லாம் மரத்தடிக்குப் போயிருச்சு. ஒரு தாய் மட்டும் அசையல. குட்டிய நெஞ்சோட அணைச்சு, மழ முழுசையும் முதுகுல வாங்கிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. வெயில் காலத்துல இது கெடைச்சிருக்காது. அவ சொன்னப்பவே போயிருக்கலாம்."

பாட மணி அடித்தது. பள்ளிக்கூட அதிபர் வாசலில் வந்து நின்றார். சேரின் முகத்தைப் பார்த்தார். சேரின் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கத் தானே நடந்தார்.

நான் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அந்தக் குட்டி எவ்வளவு பெருசு இருக்கும், சேர்?"