கிருமிகளுக்கு ஒரு நாள் லீவு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்). பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய், வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்வது என் வேலை. அங்கே டொக்டர் மிஸ் ஒரு தடுப்பூசிக்காகப் பாடுபடுகிறார். எந்த மருந்துக்கும் அசையாமல் நுரையீரலில் குடியிருக்கும் கிருமிகளுக்கான ஊசி. நோயாளிகளின் சளியிலிருந்து அந்தக் கிருமிகளைப் பிரித்து, சின்னக் குழாய்களில், பெரிய ஃப்ரீசரில் உறைய வைத்திருந்தார். நாலு வருடச் சேகரிப்பு. அப்போது நான் சேர்ந்து மூன்று மாதம். அதுவரை அவரிடம் “ஓம் மிஸ்” தவிர எதுவும் கதைத்ததில்லை. கூச்சம்.

நவராத்திரி வந்தது. “அண்ணை, நாளைக்கு நான் லீவு. ஆயுதபூசைக்கு மெஷின் எல்லாத்துக்கும் வடிவாப் பொட்டு வச்சுவிடுங்கோ,” என்றார் மிஸ்.

“ஓம் மிஸ்.”

வைத்தேன். மைக்ரோஸ்கோப்புக்குக்கூடச் சந்தனம், குங்குமம். ஆனால் எங்கள் வீட்டில் ஆயுதபூசை பொட்டோடு முடியாது. அன்றைக்கு எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது. மனைவியின் தையல் மெஷின்கூட உறையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். இங்கே ஃப்ரீசர் மட்டும் நாலு வருடமாக உறுமிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. பிளக்கைக் கழற்றினேன். (கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.) அது பீப் பீப் என்று கத்தியது. சந்தோஷம் என்று நினைத்தேன். ஒரு பொத்தானை அமத்தினேன், அடங்கியது. கும்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

மறுநாள் காலை ஃப்ரீசரின் கீழே குளம். குளத்தின் நடுவே மிஸ்.

“ஆர் பிளக்கைக் கழட்டினது?”

“நான்தான், மிஸ். ரெஸ்ட் குடுத்தனான்.”

“ரெஸ்டோ! கிருமி செத்திருந்தா நாலு வருஷ வேலையும் போச்சு, அண்ணை!”

“கிருமி செத்தா நல்லதுதானே, மிஸ்?”

மூன்று மாதத்தில் நான் பேசிய ஆக நீளமான வசனம் அதுதான். பேசியிருக்கக் கூடாது.

“அதுகள் உயிரோட இருந்தாத்தான் ஊசி வேலை செய்யுதோ எண்டு பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, மிஸ் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தட்டுகளில் வளர வைத்தார். இரண்டு நாளில் முளைத்தால் உயிர் இருக்கிறது. முளைக்காவிட்டால் என் வேலை இல்லை.

நான் அம்மன் கோயிலுக்கு ஓடி, கிருமிகளின் ஆயுளுக்கு அர்ச்சனை கேட்டேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பெயர் வாயில் வரவில்லை. நட்சத்திரம் மிஸ்ஸுக்கே தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் மிஸ் தட்டுகளைக் காட்டினார். எல்லாம் முளைத்திருந்தன.

“மருந்துக்கே அசையாததுகள், உங்கட ரெஸ்டுக்கோ சாகப்போகுது! சரி, நடந்ததை உங்கட கையால எழுதித் தாங்கோ. ஃபைலில போடவேணும்.”

“ஓம் மிஸ்,” என்றேன். அவர் கேட்கும்போதெல்லாம், ஆறு வருடமாக அதையேதான் சொல்லிவருகிறேன்.

ஊசி இன்னும் வரவில்லை. கிருமிகள் நலம். ஆயுதபூசை வந்தால் மனைவி எங்கள் ஃப்ரிட்ஜுக்குக் காவல் நிற்பாள். “இதுக்கு லீவு இல்லை. பால் உங்கட கிருமி மாதிரி இல்லை, திரைஞ்சுபோம்.”

இன்று காலை மகள், ஏடு தொடக்க நல்ல நாள் என்று பேனையைக் கையில் திணித்தாள். எழுதிவிட்டேன், மிஸ். ஃபைலில் போடுங்கள்.

திகதி: விஜயதசமி.